மர இஞ்சின்

ஊசி நகராது. காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டிய ஊசி எப்படி நகரும். ஆனாலும் கண் அதிலேயே போய் நிற்கிறது, பழக்கம், பிரஷர் காட்டும் வட்டத்தைப் பார்த்தால் ஊசி எங்கே என்று தேடாமல் இருக்க இந்தக் கண்ணுக்குத் தெரியாது. டிராயிங் ஆபீஸில் யாரோ அதைச் சிவப்புக் கோட்டின் மேலேயே வரைந்திருக்கிறார், முழு ஆவி, நெருப்பே இல்லாமல் முழு ஆவி. நெருப்பு மட்டுமா இல்லை. பாய்லர் இல்லை, சக்கரம் இல்லை, ஒரு செம்பு தண்ணீர்கூட இல்லை. பட்டறையின் தச்சுக் கூடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மாம்பலகையிலும் பழைய பேக்கிங் பெட்டி மரத்திலும் செய்து கறுப்பு அடித்த ஒரு இஞ்சினின் பின்பாதி இது. டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கிற கூண்டு, அதற்குப் பின்னால் கரி வைக்க ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆசாரிமார் மர இஞ்சின் என்று பேர் வைத்துவிட்டார்கள். அளவு மட்டும் நிஜம். இனிமேல் சர்க்கார் ரயில்வேயில் ஓடப்போகிற இஞ்சின் எல்லாம் இந்த அளவுதான், இந்தக் கைப்பிடி இந்த இடத்தில்தான், இந்தக் கதவு இந்த உயரத்தில்தான். நான் டிரைவரின் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் டிபன் கேரியர், இன்னும் திறக்கவில்லை. காலடியில் சுருட்டி வைத்த வரைபடம். சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது, கூடம் காலி, ரம்பத்தின் சத்தம் நின்றபிறகும் காது அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சீஃப் நரசிம்மாச்சார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார், வந்ததும் நான் அந்தத் தாளின் மூலையில் ஆவுடையப்பன் என்று கையெழுத்துப் போடவேண்டும், சாயங்கால மெயில் வண்டியில் அவர் அதை டெல்லிக்குக் கொண்டுபோவார். போடவேண்டும். போடக்கூடாது. போட்டுவிட்டால்தான் என்ன. காலையிலிருந்து இதே வட்டத்தில்தான் சுற்றுகிறேன், டர்ன்டேபிளில் ஏற்றிவிட்ட இஞ்சின் மாதிரி, தள்ளுகிறவன் நிறுத்தினால்தான் உண்டு.

வேலை தப்பான வேலை இல்லை, அதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மூன்று கம்பெனிகளைச் சேர்த்து ஒரே ரயில்வே ஆக்கியபோது சர்க்காருக்குக் கிடைத்தது ரயில்வே இல்லை, மூன்று மாமியார் வீட்டுப் பாத்திரங்கள். சீஃப் அப்படித்தான் சொல்வார், "ஒருத்தி வீட்டு மூடி இன்னொருத்தி வீட்டுப் பானைக்குச் சேராது ஓய், ஆனா மூணு பேரும் சமையல் மட்டும் பிரமாதம்னு சண்டைக்கு வருவா." ஒரு கம்பெனி இஞ்சினில் டிரைவர் இடதுபக்கம், இன்னொன்றில் வலதுபக்கம். ஒன்றின் நட்டு மற்றதில் ஏறாது. ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு மாற்றலாகிப் போன டிரைவர், பழைய இடத்தில் பிரேக் இருக்கும் என்று கையை நீட்டி வெறும் காற்றைப் பிடித்திருக்கிறார். அதனால் ஒரே இஞ்சின். ஒரே பாய்லர், அதையே சரக்கு வண்டி இஞ்சினிலும் வைக்கலாம், பாசஞ்சர் இஞ்சினிலும் வைக்கலாம். அழகான யோசனை, அதில் பாதி என்னுடையது, கிளாஸ்கோவில் இருந்தபோதே மனசுக்குள் போட்டுப் பார்த்தது. பாசஞ்சர் இஞ்சினுக்குச் சக்கரம் பெரிது. சக்கரம் பெரிதானால் பாய்லர் உயர்ந்து உட்காரும். பாய்லர் உயர்ந்தால் அதன் வாயும் உயரும், கரி போடுகிற நெருப்புக் கதவு, பழைய இஞ்சின்களில் இருந்ததைவிட ஒரு சாண் மேலே. ஆள் நிற்கிற தரையை உயர்த்தலாமே என்றால் கூரை தலையில் இடிக்கும், கூரையை உயர்த்தினால் பாலத்தில் இடிக்கும். தரையை விட்டுவிட்டோம். ஒரு சாண்தானே. தாளில் அது விரல் நகத்தின் அகலம். ஃபயர்மேனின் முதுகில் அது என்ன அகலம் என்றுதான் இந்த மர இஞ்சினைச் செய்து பார்த்தோம். கரியை அள்ளிக் குனிந்து நிமிர்ந்து ஒரு சாண் கூடுதலாகத் தூக்கி எறிய வேண்டும், ஒரு தடவை இல்லை, ஒரு ஓட்டத்துக்கு ஆயிரம் தடவை, அதுவும் ஆடுகிற தரையில். ஒரு இஞ்சினில் தப்பு இருந்தால் அது தப்பு. எழுநூறு இஞ்சினில் இருந்தால் அதுதான் முறை. பிறகு யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள், ஃபயர்மேன் வேலை என்றால் முதுகு போகும், பொம்பிளைக்குப் பிரசவம் மாதிரி, என்று சொல்லிவிடுவார்கள்.

ஷெட் ஷெட்டாக ஆள் வரவழைத்தார்கள். மதுரை, திருநெல்வேலி, மாயவரம், விழுப்புரம். ஒவ்வொருத்தராக மர இஞ்சினில் ஏறினார்கள். பெட்டியில் நிஜக் கரி, கையில் நிஜ ஷவல், எதிரே பலகையில் வெட்டிய ஓட்டை, அந்தப்பக்கம் கரி விழ ஒரு சாக்கு. பத்துப் பதினைந்து தடவை அள்ளிப் போடுவார்கள். கீழே நாற்காலி போட்டு நாங்கள். சீஃப் கேட்பார், நல்ல மனுஷர், முகத்தில் சிரிப்போடுதான் கேட்பார், "என்னப்பா, சௌகரியமா இருக்கா?" மதுரைக்காரர் "நல்லாத்தாங்க இருக்கு" என்றார். மாயவரத்துக்காரர் "ரொம்ப திருப்திங்க எஜமான்" என்றார். திருநெல்வேலிக்காரர், என் ஊர்ப் பேச்சு, "நல்லாருக்கு ஐயா, பேஷா இருக்கு" என்றார். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் திருப்தி. நூற்றுக்கு நூறு. "பார்த்தீரா ஓய்" என்று சீஃப் என் தொடையில் தட்டினார், "யுனானிமஸா பாஸ்." நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே ஒரு சின்னச் சிராய் எங்கோ குத்தியது, அது இருக்கிற இடம் இப்போது தெரிகிறது. அவர்கள் ஷவலைத் திருப்பிக் கொடுத்த விதம். இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்து, கோவிலில் பட்டர் கையிலிருந்து எதையோ வாங்குகிற மாதிரி கொடுத்தார்கள். பிரசாதத்துக்கு உப்புக் கம்மி என்று எவன் சொல்லுவான். சுடச்சுட உள்ளங்கையைப் பொசுக்கினாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுவான். நாங்கள் கேட்டது கேள்வி இல்லை, பிரசாதம் கொடுத்திருக்கிறோம். சர்க்கார் செய்த இஞ்சின், பெரிய துரை நேரில் வந்து கேட்கிறார், நல்லா இருக்கா என்று. நல்லா இருக்கு. வேறென்ன சொல்வது. தாளில் அதை நாங்கள் பொறியியல் முடிவு என்று எழுதியிருக்கிறோம்.

இதை நான் நேற்றே பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை, இன்று காலையில் அடுக்களையில்தான் கண்ணில் பட்டது. காப்பி வாங்க உள்ளே போனேன். வழக்கமாகப் போகமாட்டேன், செண்பகவல்லி கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். இன்று என்னவோ போனேன். அவள் உயரமாக இருந்தாள். அப்படித்தான் முதலில் தோன்றியது, என் பெண்டாட்டி ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டாள். பிறகுதான் கீழே பார்த்தேன். சாப்பிட உட்காருகிற மணையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். ஆபீசர் குவார்ட்டர்ஸ், முன்னால் வெள்ளைக்காரன் இருந்த வீடு, அவன் வைத்திருந்த சமையல்காரன் எந்த ஆறடி ஆளோ, மேடையை அவனுக்கென்று கட்டியிருக்கிறார்கள். "என்ன இது, மணை மேல நிக்கே?" என்று கேட்டேன். "அடுப்பு எட்டல" என்றாள். "எத்தன நாளா?" "வந்ததுலேருந்துதான். அதுக்கென்ன இப்ப." நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. "எங்கிட்ட சொல்லலியே நீ?" அவள் கரண்டியைத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், கோபம் இல்லை, கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற முகம். "நீங்க வீடு நல்லாருக்கான்னு கேட்டிய. வீடு நல்லாத்தானே இருக்கு." காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மணைமேல் ஏறினாள், பழகின ஏற்றம், பார்க்காமலே கால் வைத்தாள். மேடையை இடிக்கச் சொல்லவில்லை, தரையை உயர்த்திக்கொண்டாள். நான் கேட்டேன், கேட்டதை நினைத்துப் பெருமைகூடப் பட்டேன், எத்தனை புருஷன்மார் கேட்பார்கள். கேள்வியிலேயே பதில் இருந்தது, அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். கிளாஸ்கோவுக்குப் போகும்போதும் அப்படித்தான் கேட்டேன், கல்யாணமாகி ஒரு தை போய் அடுத்த தை வரவில்லை, "ரெண்டு வருஷந்தான், போயிட்டு வந்துரட்டா?" என்று. "சரி, போயிட்டு வாங்க." ரெண்டு வருஷம் நாலாகி, உலகச் சண்டை வந்து கப்பல் நின்று, பிறகு வேலை பிடித்துப்போய், பதினைந்து வருஷம். நடுவில் எழுதிக் கேட்டபோதெல்லாம் சரி என்றுதான் எழுதினாள். அந்தச் சரியின் உள்ளே என்ன இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றியதே இல்லை. இப்போது கேட்டால் என்ன சொல்வாள், அதுக்கென்ன இப்ப.

நான் மட்டும் என்னவாம். மிஸஸ் கில்லீஸின் முட்டைக்கோஸ். கிளாஸ்கோவில் நான் குடியிருந்த வீட்டுக்காரி, கறி சாப்பிடாதவனுக்கு என்ன போடுவது என்று தவித்து, முதல் நாள் ஒரு முட்டைக்கோஸை முழுசாக வேகவைத்து, அது செத்து வெளிறிப்போன பிறகு தட்டில் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அத்தோடு முடிந்தது என் கதை. ஒவ்வொரு சாயங்காலமும் முட்டைக்கோஸ். சண்டைக்காலத்தில் எதுவும் கிடைக்காதபோதும் எங்கெங்கோ அலைந்து எனக்கு முட்டைக்கோஸ் வாங்கி வருவாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்வாள், எங்கள் இந்தியனுக்கு அது உயிர் என்று. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எழுதுகிறாள், உங்கள் ஊரில் முட்டைக்கோஸ் கிடைக்கிறதா. ஆனால் அதே ஊரில், டிராயிங் மேஜையில், அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் எனக்கு வியர்க்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் பெரியவரின் தாளைப் பார்த்து, இது ஆகாது, என்பான். பெரியவர் ஏன் ஆகாது என்பார். அரைமணி கத்திக்கொள்வார்கள், அப்புறம் இரண்டுபேரும் ஒரே குடையில் பீர் கடைக்குப் போவார்கள். நானும் பழகிக்கொண்டேன், இங்கிலீஷில் நோ சொல்ல. அது ஒரு சின்னக் கூழாங்கல், எடுத்துப் போட்டால் டொக் என்று விழும், யாருக்கும் காயம் இல்லை. தமிழில் அந்த வார்த்தையை எனக்கு யாரும் கொடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானால்கூட அரிசி இல்லை என்று சொல்லக்கூடாது, நிறைஞ்சிருக்கு என்று சொல்லவேண்டும். நிறைஞ்சிருக்கு என்றால் அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். அவருக்குத் தெரியும். கேட்கிறவனுக்குத் தெரிந்தால் போதும், சொல்கிறவன் சொல்லவேண்டாம், அப்படி ஓடிக்கொண்டிருந்தது அந்த வீடு. இங்கே கேட்கிறவன் நான், கடல் தாண்டிப் போய் அந்தக் காதைத் தொலைத்துவிட்டு வந்தவன். நிறைஞ்சிருக்கு என்றார்கள். நிறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது சீஃபிடம் போய் என்ன சொல்வது. எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள், அதனால் நல்லா இல்லை என்றா. சிரிப்பார். சிரித்தால் பரவாயில்லை. என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான், சீமையிலேயே கிடந்துவிட்டு நாற்பத்தேழு வயசில் வந்தவனை எதற்கு என்று மற்றவர்கள் முனகியபோது, "கத்துண்டு வந்திருக்கான், வச்சுக்கோங்கோ" என்று நின்றவர். ஒப்பந்த வேலை. பங்குனியோடு முடிகிறது, புதுப்பிப்பதும் அவர் கையில்தான். இந்தத் தாளை மற்ற ரயில்வேக்காரர்களுக்கு முன்னால் டெல்லியில் விரிக்கவேண்டும் என்பது அவருக்கு ஓய்வுக்கு முன்னால் இருக்கிற ஒரே ஆசை. இன்றைக்கு மெயிலில் போகவில்லை என்றால் கூட்டம் முடிந்துவிடும், வேறு யாருடைய தாளோ முறை ஆகிவிடும். அதில் கதவு இன்னும் மேலே இருக்கலாம், யார் கண்டது. பார், எவ்வளவு நல்ல காரணம், கையெழுத்துப் போடுவதற்கு. பயம் எப்போதும் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறது. வேலை போனால் எங்கே போவது. கிளாஸ்கோவில் என் நாற்காலியில் வேறு ஆள். ஊரில் எனக்கு எதுவும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணவேண்டும், செண்பகவல்லி மணையைத் தூக்கிக்கொண்டு, சரி, என்பாள். தகரக் கூரை படபடவென்று சூட்டில் நெளிகிறது. புதுப்பலகையின் வாசனை, பாலும் பிசினுமாக, அதோடு பெயிண்ட். நல்ல வாசனை, ஒரு குற்றமும் தெரியாத வாசனை. நிஜ இஞ்சினில் இந்த இடத்தில் உட்கார்ந்தால் தொடை வேகும், காது அடைக்கும், கண்ணில் கரித்தூள் விழும். இங்கே காக்கை கத்துவது கேட்கிறது. இந்த அமைதியில் நிற்க வைத்துத்தான் கேட்டோம்.

கரிப்பெட்டிக்குள் ஏதோ புரண்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். விழுப்புரம் ஷெட் ஃபயர்மேன் முனிரத்தினம், காலையில் கடைசியாக ஏறியவர், போளூர்ப் பக்கத்து ஆள், ஊர்வண்டி சாயங்காலம்தான் என்று பெட்டியின் ஓரத்தில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "படுங்க, படுங்க" என்றேன். அது தப்பாய்ப் போயிற்று. நீங்க என்றதும் அவர் முகம் வெளுத்தது. இந்த ரயில்வேயில் ஆபீசர் ஒரு ஃபயர்மேனை நீங்க என்று கூப்பிட்டால் அடுத்தது சஸ்பென்ஷன் என்று அர்த்தமாம், பிற்பாடு ஆசாரிமார் சொல்லித் தெரிந்துகொண்டேன். "இன்னா சார், எதுனா தப்பா?" "தப்பு இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்த ஓட்டை, கரி போடற உயரம், எப்படி இருக்கு?" "நல்லாகீது சார்." "உயரம் ஜாஸ்தியா இல்ல?" "ஜாஸ்தியா? இல்ல சார்." "கம்மியா?" "கம்மின்னும் சொல்ல முடியாது சார்." "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க." "மன்சுலயும் அதான் சார் கீது." நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், நான் சிரித்ததால்தான் சிரித்தார். எப்படிக் கேட்டாலும் கேள்விக்குள் என் முகம் இருக்கிறது, அவர் அதைப் பார்த்துப் பதில் சொல்கிறார். கேட்பதை விட்டுவிட்டு டிபன் கேரியரைத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சாதம். ஒரு தட்டில் வைத்து நீட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். வீட்டில் சமைத்ததா சார், ஆமா, அம்மா நல்லா செஞ்சிகிறாங்க சார். உப்பு அதிகம், எனக்கே தெரிந்தது. கொஞ்சநேரம் இரண்டுபேரும் மென்றோம். பிறகு ஓட்டையைப் பார்த்து, என்னைப் பார்க்காமல், சாப்பாட்டுக்கிடையில் சும்மா சொல்கிற மாதிரி சொன்னார், "பழகிடும் சார். இன்னாத்துக்குக் கவலைப்படறீங்க. எதுவா இருந்தாலும் ஒரு ஆறு மாசம், ஒடம்பு பழகிப் பூடும்." கை வாய்க்குப் போகாமல் நின்றது. நல்லா இருக்கிற ஒன்றைப் பற்றி எவனாவது பழகிவிடும் என்று சொல்வானா. மாம்பழத்தை யாரும் பழகிக்கொள்வதில்லை. ஒன்றரை வருஷம் மணைமேல் ஏறி நின்ற கால், பார்க்காமலே வைத்த கால். பழகிடும். அரிசி நிறைஞ்சிருக்கு. இந்தத் தடவை காதில் விழுந்தது.

வெற்றிலை வாசனை முதலில் வந்தது, பிறகு சீஃப். பின்னால் இரண்டு ஆசாரிமார். "என்ன ஓய், இஞ்சின்லேயே போஜனமா? எந்த ஸ்டேஷன்?" கேட்டுக்கொண்டே படியேறி வந்தார். முனிரத்தினம் தட்டோடு மூலையில் ஒட்டிக்கொண்டார். சீஃப் சுருளைக் குனிந்து எடுத்து, பேனாவையும் கழற்றி என் பக்கம் நீட்டினார். "போடும். மெயில் எனக்காக நிக்காது. எல்லாம் சரிதானே?" சரி சார், என்று நாக்கு தானாக மேலே போய் அண்ணத்தைத் தொட்டது. பிறகு நோ சார், இங்கிலீஷில், கூழாங்கல் கையில் தயாராக, டொக். அவருக்கும் அதுதான் சுலபம், இரண்டுபேரும் அந்தப் பாஷையில் கொஞ்சம் சண்டை போட்டு ஒரே குடையில் போகலாம். ஆனால் மூலையில் நிற்கிறவருக்கு அது புரியாது. அவர் காதில் விழவேண்டும். "இல்லை சார்" என்றேன். "சரியில்லை." சீஃப் மெல்வது நின்றது. அதற்குள் முனிரத்தினம் அலறிவிட்டார், "நான் ஒண்ணியும் சொல்லல சார்! நல்லாகீதுன்னுதான் சார் சொன்னேன்!" "அவர் சொல்லலை சார். யாருமே சொல்லலை. நாம கேட்டா யாரும் சொல்லமாட்டாங்க. நீங்க கேட்டா நானே சொல்லமாட்டேன்." "இப்போ சொல்றீரே." "இப்போதான் சார், முதல் தடவை." அவர் என்னையே பார்த்தார். கோபமா, களைப்பா, தெரியவில்லை, வயசான முகம், கன்னத்துக்குள் வெற்றிலை ஒதுக்கியபடி. "கையெழுத்துப் போடமாட்டீரா?" "இப்படிப் போடமாட்டேன் சார்." "பங்குனி வர்றது, ஞாபகம் இருக்கோன்னோ?" "இருக்கு சார்." 

"சரி, என்ன பண்ணணும்கிறீர்?" நான் ஆசாரிமார் பக்கம் திரும்பினேன். ஓட்டை தெரியாதபடி முன்பலகை முழுவதையும் மூடி ஒரே பலகையாக அடிக்கச் சொன்னேன். சீஃப் தடுக்கவில்லை, அது போதும். சுத்தியல் சத்தத்தில் தகரம் எதிரொலித்தது. அடித்து முடித்ததும் கதவு எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை, வெறும் பலகை, பெயிண்ட் படாத மரம். ஆசாரியிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி முனிரத்தினத்தின் கையில் வைத்தேன். "இங்கே கதவே இல்ல. நீங்க இஞ்சின் செய்யறீங்க. கதவு எங்கே வேணும்னு ஒரு கோடு போடுங்க." அவர் சாக்பீஸைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சீஃபைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "எங்க சார் போடணும்?" என்று கேட்டார். சீஃப் முதலில் சிரித்தார், வெற்றிலை புரையேறிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆச்சா ஓய்? திருப்தியா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இறங்கிடலாம் சார்" என்றேன். "நாம எல்லாரும் இறங்கி அந்தப்பக்கம் திரும்பி நிக்கலாம்." "திரும்பியா?" "நம்ம முகம் இங்கே இருக்கக்கூடாது சார்." "கண்ணாமூச்சியா ஓய் நடத்தறது ரயில்வேலே?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கினார், ஆனால் இறங்கினார். கூடத்தின் வாசலில், வெயில் விழுகிற இடத்தில், ரயில்வேயின் பெரிய இஞ்சினியரும் நானும் இரண்டு ஆசாரிமாரும் மர இஞ்சினுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். மற்ற ஷெட் ஆட்களையும் திருப்பிக் கூப்பிடவேண்டும், அவர்கள் ஒவ்வொருத்தருக்கும் புதுப்பலகை வேண்டும், அதற்கெல்லாம் எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தேன், பிறகு யோசிக்கவில்லை. "கோடு நம்ம இடத்துலேயே விழுந்தா?" என்றார் சீஃப், வெளியே பார்த்தபடி. "அப்பவே கையெழுத்துப் போடறேன் சார்." "விழலேன்னா?" "மெயில் இந்தத் தாள் இல்லாமப் போகட்டும் சார்." உள்ளே வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு ஷூ கழன்று பலகையில் விழுந்தது, இன்னொன்றும். வெறுங்கால் தரையில் இரண்டு தப்படி வைத்து இடம் தேடியது. ஷவல் கரிக்குள் சரக்கென்று இறங்கி, ஒரு மூச்சு, பலகையில் போய் டொம் என்று இடித்தது, கரி சிதறி உருண்டது. மறுபடி அள்ளி மறுபடி டொம். காலையில் நாங்கள் உட்கார்ந்து பார்த்த பதினைந்தும் இப்படிக் கேட்கவில்லை, அவை எண்ணிவைத்த மாதிரி விழுந்தன, இது தாளம் பிடித்துக்கொண்டது, ஒரே இடத்தில், ஒரே இடத்தில், எந்த இடம் என்று முதுகுக்குத் தெரியவில்லை. சீஃப் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பழையபடி நின்றார். "மேலேர்ந்து வர்றதா ஓய் சத்தம், கீழேர்ந்தா?" குரல் தாழ்ந்திருந்தது. "தெரியலை சார்." "ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டுமா?" "வேண்டாம் சார்" என்றேன். அவர் திரும்பவில்லை. உள்ளே முனிரத்தினம் ஷவலைக் கீழே வைத்தார், சாக்பீஸ் பலகையில் கீறத் தொடங்கியது.